தாவும் டி.என்.ஏ.வும் பாலூட்டிகளின் உடல்நலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாவும் டி.என்.ஏ. என்றால் என்ன?

ஜீனோமில், அதாவது ஒரு உயிரின் முழு டி.என்.ஏ. தொகுப்பில், தான் இருக்கும் இடத்தை விட்டு வேறிடத்துக்குப் போகும் டி.என்.ஏ. துண்டு, அல்லது இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு தன் நகலை வேறிடத்தில் ஒட்டவைக்கும் துண்டு. 1940களில் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் பார்பரா மெக்லின்டாக் மக்காச்சோள மணிகளின் நிறம் திட்டுத்திட்டாக மாறுவதை ஆராய்ந்து இதைக் கண்டுபிடித்தார். நோபல் பரிசு 1983இல்தான் வந்தது.

முதல் வகை வெட்டி ஒட்டுபவை: டி.என்.ஏ. டிரான்ஸ்போசான்கள். மனிதரில் இவை எல்லாமே செயலிழந்த எச்சங்கள். வடஅமெரிக்காவின் சிறிய பழுப்பு வௌவாலின் இனத்தில் இவை அண்மைக் காலம் வரை சுறுசுறுப்பாகத் தாவியிருக்கின்றன. இரண்டாம் வகை ஆர்.என்.ஏ. வழியாக நகலெடுத்து ஒட்டுபவை: ரெட்ரோடிரான்ஸ்போசான்கள். மனித நோய்களைப் பொறுத்தவரை பேச வேண்டியது இவற்றைப் பற்றித்தான்.

நம் ஜீனோமில் இவை எவ்வளவு?

2001இல் வெளியான மனித ஜீனோம் வரைவின் கணக்கில் சுமார் 45 சதவீதம். புரதம் செய்யச் சொல்லும் பகுதி 1.5 சதவீதம் அளவுக்குத்தான். 45இல் பெரும்பங்கு லைன்-1, ஆலு என்ற இரண்டு ரெட்ரோடிரான்ஸ்போசான் குடும்பங்களுக்குள் அடங்கிவிடும். லைன்-1 சுமார் 5 லட்சம் நகல்கள், ஜீனோமில் 17 சதவீதம். ஆலு 10 லட்சத்துக்கும் மேல், ஆனால் ஒவ்வொன்றும் 300 கார இணை (டி.என்.ஏ.வின் எழுத்துச் சோடி) நீளமே என்பதால் 10 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. பழங்காலத்தில் நம் மூதாதையரின் இனச்செல்களுக்குள் புகுந்து தங்கிவிட்ட ரெட்ரோவைரஸ்களும் அவற்றின் உறவினங்களும் சேர்ந்து 8 சதவீதம். டி.என்.ஏ. டிரான்ஸ்போசான்கள் 3 சதவீதம்.

இத்தனையும் இப்போதும் தாவுகின்றனவா?

இல்லை. 5 லட்சம் லைன்-1 நகல்களில் இன்றும் தாவும் திறனுள்ளவை ஒருவரிடம் ஏறத்தாழ 80 முதல் 100 வரை. அதிலும் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவே பெரும்பாலான தாவல்களைச் செய்கின்றன. மற்றவை முனை வெட்டுப்பட்டோ பிறழ்வு ஏறியோ கிடப்பவை. எலியின் கதை வேறு: அதில் தாவக்கூடிய லைன்-1 சுமார் 3,000. ரெட்ரோவைரஸ் வழிவந்த துண்டுகளும் எலியில் இன்னும் ஓயவில்லை. ஆய்வக எலிகளில் தானாகத் தோன்றும் பிறழ்வுகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்று அவற்றின் வேலை. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்தக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

லைன்-1 எப்படித் தாவுகிறது? படிப்படியாகச் சொல்ல முடியுமா?

முழு நீள லைன்-1 சுமார் 6,000 கார இணை. தன்னை ஆர்.என்.ஏ.வாக எழுதவைக்கும் தொடக்கப்பகுதி அதற்குள்ளேயே இருக்கிறது. அந்த ஆர்.என்.ஏ. செல்லின் உட்கருவை விட்டு வெளியே வந்து இரண்டு புரதங்களைச் செய்யவைக்கிறது. முதல் புரதம் மும்மூன்றாகச் சேர்ந்து ஆர்.என்.ஏ.வைப் போர்த்துகிறது. இரண்டாவதில் இரண்டு கருவிகள் உண்டு: டி.என்.ஏ.வை வெட்டும் ஒரு நொதி, ஆர்.என்.ஏ.வைப் பார்த்து டி.என்.ஏ. எழுதும் ஒரு நொதி. இந்த இரண்டு புரதங்களும் பெரும்பாலும் தங்களைப் பெற்ற ஆர்.என்.ஏ.வையே பிடித்துக்கொள்கின்றன. பின்னால் வரும் கேள்விகளுக்கு இது தேவைப்படும்.

இந்தக் கூட்டு உட்கருவுக்குள் திரும்புகிறது. வெட்டும் நொதி, டி.டி.டி.டி./ஏ.ஏ. என்ற வரிசை அல்லது அதைப் போன்ற இடத்தில் ஒரு இழையை மட்டும் வெட்டும். வெட்டிய முனையில் வெளிப்படும் ‘டி’க்கள், ஆர்.என்.ஏ.வின் வாலில் நீளமாக இருக்கும் ‘ஏ’க்களோடு இணைசேரும். அந்தப் பிடியிலிருந்து நகலெழுத்து தொடங்குகிறது. மறு இழை சில கார இணைகள் தள்ளி வெட்டப்படுவதால், வேலை முடிந்ததும் புதிய துண்டின் இருபுறமும் ஒரே வரிசை இருமுறை வந்து நிற்கும். அதன் நீளம் பெரும்பாலும் 7 முதல் 20 கார இணை. நகலெழுத்து வாலில் தொடங்கித் தலையை நோக்கிப் போவதால், பாதியில் நின்றால் தலைதான் இல்லாமல் போகும். பெரும்பாலான நகல்கள் அப்படித்தான் நின்றுவிடுகின்றன. தொடக்கப்பகுதி இல்லாத நகல் பிறந்த அன்றே செயலற்றது.

‘ஏ’ வால், இருபுறமும் இரட்டித்த வரிசை, வெட்டுப்பட்ட தலை. ஆய்வகத்தில் ஒரு செருகலை, அதாவது புதிதாக ஒட்டிய துண்டைப் பார்த்தால் இது லைன்-1 வழியே வந்ததா என்று முடிவு செய்ய இந்த மூன்றையும்தான் தேட வேண்டும்.

ஆலுவும் தானாகத் தாவுமா?

தாவாது. ஆலு எந்தப் புரதமும் செய்வதில்லை. லைன்-1 செய்துவைத்த நொதியில் ஓசிப் பயணம் போகிறது. 2,000 கார இணை அளவுள்ள எஸ்.வி.ஏ. என்ற கூட்டுத் துண்டும் அப்படியே. சில நேரம் சாதாரண மரபணுவின் ஆர்.என்.ஏ.வும் இதே வண்டியில் ஏறிவிடும். அப்போது இன்ட்ரான் (ஆர்.என்.ஏ.விலிருந்து வெட்டி நீக்கப்படும் இடைப்பகுதி) இல்லாத ஒரு நகல் மரபணு புது இடத்தில் முளைக்கும். நாய்களின் குட்டைக்கால் அப்படி வந்ததுதான்.

என் குழந்தைக்கு என்னிடம் இல்லாத புதிய செருகல் இருக்குமா?

இருக்கலாம். புதிய ஆலு செருகல் சுமார் 40 பிறப்புகளுக்கு ஒன்று. லைன்-1, எஸ்.வி.ஏ. இரண்டும் அதைவிட அரிது. இவற்றில் மிகப் பெரும்பாலானவை எந்த மரபணுவையும் தொடாத இடத்தில் விழுந்து, யாருக்கும் தெரியாமலே போய்விடும். ஒருவரின் ஜீனோமை, அளவுகோலாக வைத்திருக்கும் ஒப்பீட்டு ஜீனோமோடு வைத்துப் பார்த்தால் ஆயிரத்தை ஒட்டிய செருகல்கள் அதிகப்படியாகத் தெரியும். ஆகவே அறிக்கையில் “செருகல் உள்ளது” என்று இருந்தாலே பயப்பட வேண்டியதில்லை. அது எங்கே விழுந்தது என்பதுதான் கேள்வி.

உடல் இவற்றை எப்படி அடக்கி வைக்கிறது?

முதல் பூட்டு மெத்திலேற்றம்: டி.என்.ஏ.வில் மெத்தில் என்ற சிறு வேதிக்குழுவை ஒட்டுவது. லைன்-1 தொடக்கப்பகுதியில் மெத்தில் குழுக்கள் ஏறினால் ஆர்.என்.ஏ. எழுதப்படாது. இரண்டாவது, துத்தநாக விரல் புரதங்களில் ஒரு பெரிய குடும்பம். மனிதரில் 350க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். ஒவ்வொன்றும் குறிப்பிட்ட தாவும் துண்டை அடையாளம் கண்டு மூடிவைக்கிறது. மூன்றாவது, விந்தணு உருவாகும் கட்டத்தில் பிவி புரதங்களும் அவற்றின் சிறு ஆர்.என்.ஏ.க்களும். கரு வளர்ச்சியில் ஆண் சேயின் இனச்செல்களில் மெத்தில் குறிகள் துடைக்கப்படும் நேரம் இது. காவல் தளர்வதும் அப்போதுதான். எலியில் பிவி குடும்பத்தைச் சேர்ந்த மிலி அல்லது மிவி2 மரபணுவை நீக்கினால் லைன்-1 விழித்துக்கொள்ளும், ஆண் எலி மலடாகும்.

நோய் எப்படி வருகிறது?

மூன்று வழிகள். ஒன்றில் தேடி இன்னொன்றைத் தவறவிடுவது மருத்துவமனைகளில் அடிக்கடி நடப்பது என்பதால் தனித்தனியாகச் சொல்கிறோம்.

நேரடியாக மரபணுவின் எக்ஸானில் (இன்ட்ரான்களை நீக்கியபின் ஆர்.என்.ஏ.வில் எஞ்சும் பகுதி) போய் விழுவது முதல் வழி. 1988இல் ஹேக் கசாசியன் குழு ஹீமோஃபிலியா-ஏ (ரத்தம் சரியாக உறையாத நோய்) உள்ள 240 பேரைப் பார்த்தபோது, இருவரின் எட்டாம் உறைவுக் காரணி மரபணுவில், 14ஆம் எக்ஸானுக்குள் லைன்-1 புகுந்திருந்தது. பெற்றோரிடம் அது இல்லை. லைன்-1 மனிதரில் இன்றும் தாவுகிறது என்பதற்கு முதல் நேரடிச் சான்று இதுதான். அதன்பின் இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட நோய்க் காரணச் செருகல்கள் பதிவாகியுள்ளன.

இரண்டாவது, எக்ஸானைத் தொடாமலே ஆர்.என்.ஏ. வெட்டி ஒட்டப்படும் முறையைக் கெடுப்பது. ஜப்பானில் அதிகம் காணப்படும் ஃபுகுயாமா தசைச்சிதைவு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. ஃபுகுடின் மரபணுவின் முடிவில், புரதமாக மாறாத பகுதியில், சுமார் 3,000 கார இணை நீளமான ஒரு எஸ்.வி.ஏ. உட்கார்ந்திருக்கிறது. புரதமாகாத இடம்தானே, கேடு ஏன்? அந்த எஸ்.வி.ஏ.க்குள் ‘இங்கே எக்ஸான் தொடங்குகிறது’ என்று சொல்லும் வலுவான குறி ஒன்று இருக்கிறது. செல் அதை நம்பி, கடைசி எக்ஸானின் நடுவில் வெட்டி எஸ்.வி.ஏ.வோடு ஒட்டிவிடுகிறது. புரதத்தின் வால் மாறி, அது போக வேண்டிய கோல்கி உறுப்புக்குப் போகாமல் தங்கிவிடுகிறது. இந்தப் பொய்க் குறியைச் சிறு எதிர்த்திசை ஆர்.என்.ஏ. துண்டால் மறைத்தால் சரியான புரதம் மீண்டும் உருவாகிறது என்று 2011இல் நோயாளிகளின் செல்களிலும் எலிகளிலும் காட்டினார்கள்.

அதே உத்தி பாஸ்டனில் ஒரு சிறுமிக்குப் பயன்பட்டது. சி.எல்.என்.7 வகை பேட்டன் நோய்: மரபணுவின் இரண்டு பிரதிகளும் கெட்டால் வந்து, நரம்பு செல்களை அழிப்பது. ஒரு பிரதியில் பிறழ்வு கிடைத்தது, மற்றதில் ஒன்றும் தெரியவில்லை. முழு ஜீனோமைப் படித்தபோதுதான் எம்.எஃப்.எஸ்.டி.8 மரபணுவின் இன்ட்ரானில் ஒரு எஸ்.வி.ஏ. இருப்பது தெரிந்தது. அந்தச் செருகலுக்கென்றே மிலாசென் என்ற மருந்து உருவாக்கப்பட்டு 2018 தொடக்கத்தில் செலுத்தப்பட்டது. வலிப்பு குறைந்தது. ஆனால் ஏற்கெனவே போன நரம்பு செல்களை மருந்து திரும்பத் தராது, நோயும் நிற்கவில்லை. பிலிப்பைன்ஸின் பனாய் தீவு வழிவந்த ஆண்களிடம் காணப்படும் எக்ஸ் குரோமோசோம் வழி டிஸ்டோனியா (தசை முறுக்கு)–பார்க்கின்சன் நோயும் டி.ஏ.எஃப்.1 மரபணுவின் இன்ட்ரானில் உள்ள எஸ்.வி.ஏ.வால் வருவதே. அந்தச் செருகலுக்குள் ஆறு ஆறு எழுத்தாகத் திரும்ப வரும் ஒரு பகுதி உண்டு. அது எவ்வளவு நீளமோ அவ்வளவு சீக்கிரம் நோய் தொடங்குகிறது.

மூன்றாவது வழியில் புதிதாக எதுவும் தாவத் தேவையே இல்லை. ஒரே மரபணுவில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஆலுக்கள் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். குரோமோசோம்கள் பரிமாறிக்கொள்ளும்போது தவறான ஆலுவோடு இணைசேர்ந்தால் இடையில் உள்ள எக்ஸான்கள் மொத்தமாகக் காணாமல் போகும், அல்லது இரட்டிக்கும். குடும்ப வழி அதிகக் கொலஸ்ட்ராலுக்குக் காரணமான எல்.டி.எல். ஏற்பி மரபணுவில் இது பலமுறை நடந்திருக்கிறது. மார்பகப் புற்றுடன் தொடர்புள்ள பி.ஆர்.சி.ஏ.1 மரபணுவில் 40 சதவீதத்துக்கு மேல் ஆலுதான். அங்கே பெரிய நீக்கங்கள் அடிக்கடி வருவதில் வியப்பில்லை.

பரிசோதனை ‘நெகட்டிவ்’ என்று வந்தது. இது தப்பியிருக்க வாய்ப்புண்டா?

உண்டு. எப்படித் தப்புகிறது என்று தெரிந்தால் என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரியும்.

பி.சி.ஆர். (டி.என்.ஏ. துண்டைப் பலமடங்கு நகலெடுக்கும் முறை) செய்து எக்ஸான் எக்ஸானாகப் படிக்கும் பழைய முறையில், செருகல் உள்ள பிரதி நீளமாக இருக்கும். குட்டைப் பிரதி பெருகி, நீளமானதை ஓரங்கட்டிவிடும். படிக்கும் கருவிக்குக் கிடைப்பது நல்ல பிரதி மட்டுமே. அறிக்கை சுத்தமாக இருக்கும். போர்த்துகீசியக் குடும்பங்களில் பரவலாக உள்ள பி.ஆர்.சி.ஏ.2 மூன்றாம் எக்ஸான் ஆலு செருகல் இப்படித்தான் வழக்கமான சோதனையில் நழுவும். அதற்கென்று தனி பி.சி.ஆர். போட வேண்டும்.

எக்ஸான்களை மட்டும் படிக்கும் எக்ஸோம் சோதனையில் 100–150 கார இணை நீளமான துணுக்குகளாகப் படிக்கிறார்கள். செருகலின் விளிம்பில் விழும் துணுக்கின் ஒரு பாதி மரபணுவோடு பொருந்தும், மறுபாதி பொருந்தாமல் தொங்கும். தொங்கும் பாதியை மென்பொருள் குப்பையாக ஒதுக்கிவிடும், அதைத் தேடச் சொன்னால் தவிர. மெல்ட், எக்ஸ்டீ, ஸ்க்ராம்பிள் போன்ற தேடு நிரல்கள் இருப்பது அதற்காகவே. ஆழமான இன்ட்ரானில் இருக்கும் செருகல் எக்ஸோமில் அறவே தெரியாது. அந்தப் பகுதியைப் படிப்பதே இல்லை.

மருத்துவரிடமோ மரபியல் ஆலோசகரிடமோ இவற்றைக் கேளுங்கள். தாவும் துண்டுகளைத் தேடும் நிரல் ஓட்டப்பட்டதா? நீக்கம், இரட்டிப்பு பார்க்க, எக்ஸான்களின் பிரதி எண்ணிக்கையை அளக்கும் எம்.எல்.பி.ஏ. சோதனை செய்யப்பட்டதா? ஒடுங்கு நோயில் (இரண்டு பிரதிகளும் கெட்டால்தான் வருவது) ஒரே ஒரு பிறழ்வு மட்டும் கிடைத்து, நோய்க்குறிகள் அந்த மரபணுவுக்கே பொருந்துகின்றன என்றால், முழு ஜீனோம் அல்லது நீள்துணுக்கு வாசிப்பு செய்ய முடியுமா? ரத்தத்திலோ தோல் செல்லிலோ அந்த மரபணு இயங்குமானால் ஆர்.என்.ஏ.வைப் பார்க்கலாமா? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. செருகல் கிடைத்தாலும் அது கெடுதல் செய்கிறதா என்பதை ஆர்.என்.ஏ.தான் காட்டும்.

எம்.எல்.பி.ஏ.யிலும் ஒரு பொறி இருக்கிறது. அதன் ஆய்வுத்துண்டு ஒட்டும் சரியான இடத்தில் செருகல் விழுந்தால் சமிக்ஞை பாதியாகக் குறைந்து, எக்ஸான் நீங்கிவிட்டது போலத் தெரியும். ஒரே ஒரு எக்ஸான் நீக்கம் என்று அறிக்கை வந்தால் வேறொரு முறையில் உறுதி செய்யாமல் ஏற்கக் கூடாது.

புற்றுநோயில் இவற்றின் பங்கு என்ன?

பெரும்பாலும் பின்விளைவு, சில நேரம் காரணம். புற்றுசெல்லில் மெத்தில் பூட்டுகள் கழன்றுவிடுவதால் லைன்-1 எழுகிறது. உணவுக்குழாய், தலை–கழுத்து, பெருங்குடல் புற்றுகளில் தாவல் அதிகம். ரத்தப் புற்றுகளில் குறைவு. 1992இல் ஒரு பெருங்குடல் கட்டியில், கட்டி வளராமல் தடுக்கும் ஏ.பி.சி. மரபணுவுக்குள்ளேயே லைன்-1 விழுந்திருந்தது கண்டறியப்பட்டது. அங்கே அதைக் காரணம் என்றே சொல்லலாம். லைன்-1இன் முதல் புரதம் பல புற்றுகளில் தெரிவதும் இயல்பான திசுக்களில் பெரும்பாலும் தெரியாததும் உண்மை என்பதால், அதை ரத்தத்தில் அளந்து முன்கூட்டியே கண்டுபிடிக்கும் முயற்சிகள் நடக்கின்றன.

எச்.ஐ.வி. மருந்து சாப்பிட்டால் லைன்-1 அடங்கும், முதுமை தள்ளிப்போகும் என்கிறார்களே?

பாதி உண்மை. எச்.ஐ.வி.க்கும் லைன்-1க்கும் ஆர்.என்.ஏ.விலிருந்து டி.என்.ஏ. எழுதும் நொதி உண்டு. லாமிவுடின் போன்ற மருந்துகள் இரண்டையும் தடுக்கும். முதிர்ந்து நின்றுபோன செல்களில் லைன்-1 டி.என்.ஏ. செல்நீரில் சேர்ந்து, வைரஸ் வந்துவிட்டதாக உடல் நினைத்து அழற்சியைத் தூண்டுகிறது. எலிகளில் லாமிவுடின் அந்த அழற்சியைக் குறைத்தது. இது 2019இல் வந்த முடிவு. மனிதரில் வலுவான தகவல் ஒரு அரிய நோயிலிருந்து வருகிறது: ஐகார்டி–கூட்டியே கூட்டுநோய். டி.என்.ஏ. குப்பையை அகற்றும் ட்ரெக்ஸ்1 போன்ற நொதிகள் இல்லாத குழந்தைகளில் இன்டர்ஃபெரான் (வைரஸ் வந்தால் எழும் எச்சரிக்கைப் புரதம்) ஓயாமல் எரியும். 8 குழந்தைகளுக்கு அபாகவிர், லாமிவுடின், சிடோவுடின் மூன்றையும் 12 மாதம் கொடுத்தபோது இன்டர்ஃபெரான் அளவீடு குறைந்தது. ஆரோக்கியமானவர் இளமைக்காக இவற்றை விழுங்க இது ஆதாரம் ஆகாது. சிடோவுடின் ரத்தசோகையைத் தரும். சில மரபு வகையினருக்கு அபாகவிர் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையைத் தரும்.

எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி லைன்-1 வழியாக நம் டி.என்.ஏ.வில் சேருமா?

சேர்ந்ததாகக் காட்டப்படவில்லை. 2022இல் சுவீடன் ஆய்வாளர்கள் ஹூ7 என்ற கல்லீரல் புற்றுசெல் வரிசையில் தடுப்பூசி வரிசையின் டி.என்.ஏ. நகலைக் கண்டார்கள். அது ஜீனோமில் ஒட்டியது என்று அவர்கள் காட்டவில்லை. லைன்-1 விழித்திருக்கும் புற்றுசெல்லைத் தசையோடு ஒப்பிடவும் முடியாது. லைன்-1 புரதங்கள் தங்கள் ஆர்.என்.ஏ.வையே பிடிக்கும் என்று முன்பு சொன்னது இங்கே பொருந்தும்.

இவற்றால் நன்மையே இல்லையா?

நிறைய. நஞ்சுக்கொடியில் தாய்க்கும் சேய்க்கும் இடையே உள்ள படலம், செல்கள் ஒன்றோடொன்று இணைந்து உருவாவது. இணைக்கும் சின்சைட்டின்-1 புரதம் ஒரு பழைய ரெட்ரோவைரஸின் உறைப்புரதம். மரபணு நம் 7ஆம் குரோமோசோமில். எலியில் சின்சைட்டின்-ஏ என்பது தனியாக வேறொரு வைரஸிலிருந்து வந்தது. அதை நீக்கினால் கரு பாதியிலேயே இறக்கிறது. பாலூட்டிகளின் வெவ்வேறு கிளைகள் வெவ்வேறு வைரஸ்களிடமிருந்து இதே வேலைக்கு ஆள் எடுத்திருக்கின்றன. எதிர்ப்பொருள்களை எண்ணற்ற வகையில் கலக்கித் தரும் ராக் நொதிகளும் ஒரு பழைய டி.என்.ஏ. டிரான்ஸ்போசானின் வழிவந்தவையே.

வால் இல்லாமல் போனதும் இப்படியா என்று கேட்பவர்களுக்கு: டி.பி.எக்ஸ்.டி. மரபணுவின் 6ஆம் இன்ட்ரானில் மனிதருக்கும் வாலில்லாக் குரங்குகளுக்கும் பொதுவாக ஒரு ஆலு இருக்கிறது. அது எதிர்த்திசையில் உள்ள பழைய ஆலுவோடு மடிந்து இணைவதால் 6ஆம் எக்ஸான் விடுபடுகிறது. 2024இல் எலிகளில் அந்த எக்ஸான் விடுபட்ட வடிவத்தை உண்டாக்கியபோது வால் குட்டையானது அல்லது இல்லாமலே போனது. சிலவற்றுக்கு முதுகுத்தண்டு மூடாத குறையும் வந்தது.

தாயின் உணவு தாவும் டி.என்.ஏ.வை மாற்றும் என்ற எலி ஆய்வு?

அகூட்டி எலிகள். நிற மரபணுவுக்கு முன்னால் ஒரு ரெட்ரோவைரஸ் வழித்துண்டு. மெத்தில் ஏறாவிட்டால் எலி மஞ்சளாக, பருமனாக வளரும்; ஏறினால் பழுப்பு. தாய்க்கு ஃபோலிக் அமிலம், பி12, கோலின், பீட்டெய்ன் கொடுத்தபோது பழுப்புக் குட்டிகள் அதிகமாயின. ஆனால் இப்படி நடந்துகொள்ளும் துண்டுகள் எலியிலேயே மிகச் சில. கர்ப்பிணிகள் ஃபோலிக் அமிலம் எடுப்பது குழந்தையின் நரம்புக்குழாய்க்காக. அந்த அறிவுரையை இந்த எலியோடு முடிச்சுப்போட வேண்டாம்.

நாய், பூனை, மாடு வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

இங்கேதான் இது கைக்காசு விஷயமாகிறது.

நாயின் மெர்ல் நிறம் பி.எம்.இ.எல். மரபணுவில் விழுந்த ஒரு குறுந்துண்டால் வருவது. ஒரு பிரதி இருந்தால் அழகான திட்டு. இரண்டு இருந்தால் காது கேளாமை, கண் குறை வரும் ஆபத்து அதிகம். மெர்லையும் மெர்லையும் சேர்த்தால் குட்டிகளில் நான்கில் ஒன்று அப்படி அமையும். துண்டின் ‘ஏ’ வால் குறுகினால் நிறம் சாதாரணமாகவே தெரியும். அந்த மறைந்த மெர்லைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, வால் நீளம் அளக்கும் சோதனைதான் வழி. டாக்ஷண்டின் குட்டைக்காலுக்குக் காரணம் எஃப்.ஜி.எஃப்.4 மரபணுவின் தாவிய நகல். 12ஆம் குரோமோசோமில் உள்ள இன்னொரு நகல் முதுகெலும்புத் தட்டுகளை இளமையிலேயே கெட்டியாக்கி, திடீர்ப் பக்கவாதம் வரை கொண்டுபோகும். டாக்ஷண்டுகள் அனேகமாக எல்லாவற்றிலும் அது இருப்பதால் இனப்பெருக்கத் தேர்வால் உடனே நீக்க முடியாது. எடையைக் கட்டுக்குள் வைப்பதும், கட்டிலிலிருந்து குதிக்கவிடாமல் இருப்பதும்தான் நடைமுறை.

முழு வெள்ளைப் பூனைகளில் பலவற்றுக்குக் காது கேளாததற்கும் கிட் மரபணுவில் விழுந்த ரெட்ரோவைரஸ் எச்சமே காரணம்.

ஹோல்ஸ்டீன் மாடுகளில் ஏ.பி.ஓ.பி. மரபணுவின் 5ஆம் எக்ஸானில் 1,300 கார இணைச் செருகல் உண்டு. இரண்டு பிரதி வாங்கிய கன்று கொழுப்பை உறிஞ்ச முடியாமல், எந்த மருந்துக்கும் கேட்காத கழிச்சலோடு மெலிந்து இறக்கும். கன்றைப் பார்த்து வயிற்றுக் கிருமி என்று நினைப்பது இயல்பு. விந்துக்குச்சி வாங்கும்போது காளையின் விவரத்தில் சி.டி.எஃப். என்றிருந்தால் அந்தக் குறை இல்லை, சி.டி.சி. என்றிருந்தால் சுமக்கிறது. சுமக்கும் காளையைச் சுமக்கும் வழிவந்த பசுவோடு சேர்க்க வேண்டாம்.

கல்லூரி ஆய்வகத்தில் மாணவர்கள் தங்கள் ஆலுவைப் பார்க்க முடியுமா?

முடியும். 16ஆம் குரோமோசோமில் பி.வி.92 என்ற இடத்தில் சிலருக்கு ஆலு உண்டு, சிலருக்கு இல்லை. நோயோடு தொடர்பில்லாத இடம் என்பதால் வகுப்புக்கு ஏற்றது. 0.9 சதவீத உப்புநீரில் வாய் கொப்பளித்து, செல்களைச் சுழற்றிப் படியவைத்து, 100 மைக்ரோலிட்டர் 10 சதவீத செலெக்ஸில் (உலோக அயனிகளைப் பிடிக்கும் பிசின் மணிகள்) 10 நிமிடம் கொதிநிலையில் வையுங்கள். பி.சி.ஆர். 30 சுற்று: 94, 68, 72 டிகிரியில் தலா 30 விநாடி. 2 சதவீத அகரோஸ் கூழில் மின்சாரம் செலுத்தி ஓட்டினால் ஆலு இல்லாத பிரதி 416, உள்ள பிரதி 731 கார இணையில் தெரியும். இவை கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரின் பிரைமர்களுக்கான (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டுகள்) அளவு, வேறு கிட்டில் மாறும்.

ஒன்றும் வரவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது செலெக்ஸ் மணிகளை. ஒன்றிரண்டு மணி பி.சி.ஆர். குழாய்க்குள் போனாலும் மக்னீசியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு நொதியை நிறுத்திவிடும். மேல்நீரை மட்டும் எடுங்கள். இரண்டு வகையும் உள்ளவருக்கு 731 பட்டை மங்கலாக வரும், ஏனெனில் குட்டை நகல் வேகமாகப் பெருகும். அதை ‘ஆலு இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள். 731க்குச் சற்று மேலே மூன்றாவது பட்டை வந்தால் அது நீள இழையும் குட்டை இழையும் இணைந்த கலப்பு. அது வந்தவருக்கு இரண்டு பிரதியும் உண்டு என்றே குறிக்கலாம்.